லாகருக்கு எதற்கு ஊரார் வைஃபை?

மழையையும் ஓடையின் நீர்மட்டத்தையும் தானே எழுதி வைக்கிற பெட்டிக்கு லாகர் என்று பெயர். அதன் வைஃபை பக்கத்தைத் திறந்தால் முதல் கேள்வியே இதுதான்: ஏற்கெனவே இருக்கிற ஒரு நெட்வொர்க்கில் போய்ச் சேரட்டுமா, இல்லை நானே ஒன்றை உருவாக்கட்டுமா? மூன்றாவதாக, வைஃபை அலையை அனுப்பி வாங்குகிற ரேடியோவை அணைத்துவிடு என்று ஒரு வரி இருக்கும், அதை யாரும் தொடுவதில்லை. எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமே தவிர விஷயம் இதுதான். நான் வேலை பார்க்கும் திட்டத்தில் இதற்கான பதில் நாங்கள் மலை ஏறுவதற்கு முன்பே செக்லிஸ்டில் எழுதப்பட்டிருந்தது: சேர். ஏனென்றால் அலுவலகத்தில் ஒரு பெரிய திரை இருக்கிறது. கொடைக்கானல் மேல்மலையின் ஒவ்வொரு ஓடையும் அதில் பச்சைப் புள்ளியாக மின்ன வேண்டும். பணம் கொடுப்பவர்கள் வந்தால் காபிக்கு அடுத்ததாக அந்தத் திரையைத்தான் காட்டுகிறோம்.

நான் இதற்கு எதிர்க்கட்சி. மலையில் வைக்கிற லாகர் தனக்கான நெட்வொர்க்கைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் ஆள் வந்து நிற்கிற நேரத்துக்கு மட்டும், மற்ற நேரமெல்லாம் ரேடியோ அணைந்தே கிடக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆரம்பத்தில் இதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது, பாஸ்வேர்டு கேட்டு அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு கார்த்திகை மழையில் அந்தக் கருத்து கொஞ்சம் கெட்டிப்பட்டது. இன்னும் முழுசாக இறுகவில்லை.

இடம் பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகிற பக்கம். பூண்டும் கேரட்டும் போடுகிற அடுக்கு வயல்களுக்குக் கீழே ஒரு ஓடை. தண்ணீருக்குள் மட்டம் பார்க்கும் அழுத்த சென்சார், கரையில் கம்பத்தின் மேல், 0.2 மில்லிமீட்டர் மழை சேரும்போதெல்லாம் உள்ளே ஒரு கிண்ணம் கவிழ்ந்து கணக்கு வைக்கிற மழைமானி, பெட்டிக்குள் லாகர், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, பத்து வாட் சோலார் தகடு. காட்டுமாடு வந்து கம்பத்தில் முதுகு சொறியாமல் இருக்கச் சுற்றிலும் முள்கம்பி. (முள்கம்பியிலும் சொறிகிறது, அது வேறு கதை.) ஈரம் குடித்த சிலிக்கா ஜெல்லை மாற்றுவதும் பெட்டிக்குள் குடியேறிய எறும்பை விரட்டுவதும்தான் இந்த வேலையில் பாதி, அதை எந்த ரிப்போர்ட்டிலும் பார்க்க முடியாது. ஓடைக்கு மேலே சுமார் முந்நூறு மீட்டரில் ஒரு வீடு, அதில் ஃபைபர் இணைப்பு. எங்கள் லாகர் சேர வேண்டியது அந்த வீட்டு ரவுட்டரோடுதான். வீட்டுக்கார அக்கா தங்கமான மனுஷி. "போட்டுக்கங்க தம்பி, அது சும்மாதான எரியுது" என்று சொல்லி, தினசரி காலண்டர் அட்டையின் ஓரத்தில் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டை எழுத்துக்கூட்டிப் படித்துக் கொடுத்தார்.

வைஃபை என்றாலே இணையம் என்று ஆகிவிட்டது, அதில்தான் எனக்கு முதல் எரிச்சல். லாகர் தானே பரப்புகிற வைஃபையில் உங்கள் போனைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தவுடனே போன், 'இதில் இணையம் இல்லை' என்று ஒரு அறிவிப்பைக் காட்டும். நீங்கள் அதைத் தள்ளிவிட்டு ஆப்பைத் திறப்பீர்கள். அதற்குள் எங்கோ ஒரு மேட்டுக்குப் பின்னாலிருந்து டவரின் ஒற்றைக் கோடு எட்டிப்பார்க்கும், போன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப் 'லாகரைக் காணவில்லை' என்று சொல்லும். லாகரோ கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிற பையன்கள் இந்த இடத்தில்தான் பதறிப்போய் லாகரை ரீசெட் பண்ணிவிடுகிறார்கள், சேமித்த அமைப்பெல்லாம் போய்விடுகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதற்கப்புறம் வைஃபையை மட்டும் ஆன் பண்ண வேண்டும், 'இணையம் இல்லாவிட்டாலும் இதிலேயே இருக்கட்டுமா' என்று போன் கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். பெட்டியின் மூடியிலேயே இதை ஒட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் மாதிரி வேலைக்கு வைஃபை என்பது கேபிளை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய உபகாரம். முன்பெல்லாம் மழையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்து லேப்டாப்பைச் செருகுவோம், திறந்த அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே போகிற ஈரம் ஒரு மாதத்துக்குப் போதும். இப்போது மூடியைத் தொடாமலே மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். எடுக்க வேண்டியதுதான் எவ்வளவு? பத்து நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் ஒரு நாளைக்கு 144, வருடத்துக்கு 52,560 வரி. ஒரு வரிக்கு நாற்பது பைட் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் மொத்தம் சுமார் 2 எம்பி. ஒரு வருட மழையும் ஓடையும் சேர்ந்தே, உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவுக்குத்தான் வரும். இதைத் தூக்கிக்கொண்டு போக ஃபைபர் வேண்டும் என்றால் சிரிப்புத்தான் வருகிறது.

மூடுபனி மேல் போட்ட பழி

லாகர் அந்த வீட்டு ரவுட்டரோடு சேர்ந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது, வெயில் காலம். மே கடைசி மழையில் புள்ளி பச்சையும் சிவப்புமாக மாறி மாறி விழ ஆரம்பித்ததும் அலுவலகத்தில் எல்லோரும் மூடுபனி என்றார்கள். கொடைக்கானலில் எது கெட்டாலும் மூடுபனி மேல் பழி போடுவது சுலபம். ஆனால் எங்கள் வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை, அந்த நுண்ணிய துளிகள் முந்நூறு மீட்டருக்குள் அதை ஒன்றும் செய்துவிடாது. வழியில் நின்றது வாட்டில் மரங்கள். காய்ந்த இலை கொஞ்சம் மறைக்கும், நனைந்த இலை நிறைய விழுங்கும். இன்னொன்று, வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தால் கம்பம் கண்ணுக்குத் தெரிகிறதே என்பார்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. இந்த அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ., முந்நூறு மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி மூன்று மீட்டர் ஆரத்துக்கு இடம் காலியாக இருந்தால்தான் அது ஒழுங்காகப் போய்ச் சேரும். அங்கே அப்படி இடம் கிடையாது. திசை பார்த்து அனுப்புகிற ஆண்டெனா ஒன்றை மாட்டி ஒருவாறு ஒப்பேற்றினோம்.

இணைப்பு அறுந்தால் லாகர் பதிவை நிறுத்துவதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பதிவு வேறு, அனுப்புவது வேறு. ரேடியோ போனாலும் மழைமானி கவிழ்ந்துகொண்டுதான் இருக்கும், வரி எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கும், இணைப்பு திரும்பினால் விட்ட இடத்திலிருந்து அனுப்பிவிடும். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு சிவப்புப் புள்ளி என்றால் ஸ்டேஷன் செத்துவிட்டது.

கார்த்திகை

கொடைக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். அந்த வருடம் கார்த்திகையில் அடைமழை பிடித்தது, 2018 நவம்பர் கஜா மாதிரி இல்லை என்றாலும் மேல்மலைச் சாலையில் மரங்களைச் சாய்க்கிற அளவுக்கு. மழையின் தொடக்கத்திலேயே புள்ளி சிவப்பானது. அலுவலகத்திலிருந்து சார் கூப்பிட்டு, "உங்க ஸ்டேஷன் செத்துப்போச்சு" என்றார். சாகவில்லை சார், இணைப்புதான் போயிருக்கும் என்றேன். சாலை திறந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது அது நிஜமாகவே செத்திருந்தது.

பேட்டரியை மாற்றி, தரவை இறக்கி, அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். லாகர் மழையை மட்டும் எழுதுவதில்லை, ஒவ்வொரு வரியிலும் தன்னுடைய பேட்டரி வோல்டேஜையும் எழுதுகிறது. எனக்கு எப்போதுமே அந்தப் பத்தியைப் படிக்கத்தான் பிடிக்கும். 12.6இல் தொடங்கி, 12.3, 12.0, ராத்திரி 11.7, பகலில் கொஞ்சம் ஏறி மறுபடி இன்னும் கீழே. சார் போன் பண்ணிய நேரத்தில் எல்லாம் ஒழுங்காகவே பதிவாகியிருந்தது. அதற்கப்புறம்தான் ஒரு விடியற்காலையோடு வரிகள் நின்றன. "அன்னைக்கிதான தம்பி பேய் மழ" என்றார் அக்கா. ஓடை எதுவரை ஏறியது என்று கரையில் ஒதுங்கிய சருகைக் காட்டினார். எங்களிடம் இருந்தது அந்தச் சருகு மட்டும்தான்.

கணக்கு இதுதான். இந்த மாதிரி சின்ன லாகர் தூங்கிக்கொண்டே வேலை பார்த்தால் ஒன்றிரண்டு மில்லியாம்பியர் போதும். வைஃபை ரேடியோ முழுநேரமும் விழித்திருந்தால் பல பத்து மில்லியாம்பியர் ஆகிறது, எண்பது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 2 ஆம்பியர்-மணி. அடர்ந்த மேகத்தில் பத்து வாட் தகடு பத்தில் ஒரு பங்கு தந்தால், நல்ல வெளிச்சமான எட்டு மணி நேரத்துக்கு 0.6 அல்லது 0.7 ஆம்பியர்-மணி தேறும். 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தைரியமாக எடுக்கலாம், மேல்மலைக் குளிரில் அதுவும் குறையும். மூன்று நாள் தாங்குவதே அபூர்வம். ரேடியோ இல்லாமல் லாகர் மட்டும் என்றால், தகடு ஒன்றுமே தராமல் போனாலும் அதே பேட்டரி இரண்டு மாதம் தாங்கும். சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899இல் ஆய்வகம் அமைத்த மலை இது, ஆனால் கார்த்திகையில் சூரியனை நம்பிப் பெட்டி வைக்க முடியாது.

செக்லிஸ்டில் ரேடியோ 'எப்போதும் ஆன்' என்று இருந்தது ஒரு காரணம். ஆனால் எத்தனையோ மேகமூட்ட நாட்களை அது முன்பு தாண்டியிருக்கிறதே, இப்போது மட்டும் என்ன? பதில் வீட்டுக்குள் இருந்தது. அடுப்புக்கு மேலே புகையில் மலைப்பூண்டுக் கொத்துகள் தொங்குகிற பரணுக்குப் பக்கத்துச் சுவரில், பழைய ரவுட்டர் இருந்த ஆணியில் புதுசாக ஒரு வெள்ளைப் பெட்டி. மழை பிடிக்கிற நேரத்தில்தான் இணைப்புக்காரர்கள் வந்து பழையதை எடுத்துவிட்டு இதை மாட்டிப் போயிருக்கிறார்கள். புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. ஆக, இல்லாத ஒரு பெயரைத் தேடித் தேடி எங்கள் லாகர் ராப்பகலாக ரேடியோவை முழு மூச்சில் ஓட்டியிருக்கிறது. சேர்ந்துவிட்ட ரேடியோ என்றால் அனுப்பும் வேலை இல்லாதபோது கொஞ்சமாவது ஓய்ந்திருக்கும், தேடுகிற ரேடியோ ஓய்வதே இல்லை.

சரி, புதுப் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுவிடலாம் என்று பார்த்தால் லாகர் சேர மறுத்தது. புதுப் பெட்டி 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் பரப்பியது, பாதுகாப்பு, டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு முறை மட்டும் என்று வைத்திருந்தார்கள். எங்கள் லாகருக்குத் தெரிந்தது 2.4, அதிலும் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 தான். காட்டில் பத்து வருடம் கிடக்க வேண்டிய கருவிகள் இப்படித்தான், வீட்டுச் சாமான்கள் வேகத்துக்கு அவை மாறுவதில்லை, மாறவும் கூடாது. வழி இருக்கிறது. ரவுட்டருக்குள் நுழைந்து இரண்டு அலைவரிசையையும் தனித்தனிப் பெயராகப் பிரித்து, பாதுகாப்பை ஒரு படி இறக்கினால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை. அக்காவின் மகள் காலேஜ் படிக்கிற பெண், போட்டித் தேர்வுக்கு ஆன்லைனில் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து கொடுத்தவள் அவள்தான். நான் செய்யப்போவதை விளக்கியதும், "அண்ணா, எங்க வீட்டு செக்யூரிட்டியக் கம்மி பண்ணணும்ங்கிறீங்களா?" என்றாள். கோபமாக எல்லாம் இல்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி. நான் ஏதோ டபிள்யூபிஏ2வும் பத்திரம்தான் என்று ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து அக்கா, "ஏன் தம்பி, ஒங்க பொட்டி வேல செய்யணும்னு எங்க பொட்டிய மாத்தணுமாக்கும்?" என்றார். அவர் கேட்டதும் கேலியாகத்தான், டீயை நீட்டிக்கொண்டே.

சேமி என்ற பட்டன் திரையில் இருந்தது. அமுக்கினால் அலுவலகத் திரையில் புள்ளி பச்சையாகிவிடும், சாருக்கு நிம்மதி, எனக்கும் இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடலாம். ஆனால் டபிள்யூபிஏ2வின் பத்திரத்தைப் பற்றி நான் சொல்ல வந்தது சரியாகவே இருந்தாலும் அவள் கேட்டது அதைப் பற்றி இல்லை. அந்த வீட்டில் வருகிற இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள். அதில் படிக்கிறவள் அவள். நாளைக்கு வகுப்பு அறுந்தால் அது இதனால்தானா என்ற சந்தேகம் அவளுக்கு வரும், கேட்க நான் இருக்க மாட்டேன், இணைப்புக்காரர்கள் வந்தால் 'யார் இதை மாற்றியது' என்பார்கள். அடுத்த முறை அவர்கள் பெட்டியை மாற்றும்போது இந்த நாடகம் முழுவதும் மறுபடி நடக்கும். ஒரு ஓடையின் நீர்மட்டம் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கும் பெட்டியை நம்பி நிற்பது என்ன ஏற்பாடு? சேமிக்காமல் பக்கத்தை மூடிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, ஓடைக்கு இறங்கி லாகரில் 'உருவாக்கு' என்று மாற்றினேன்.

மாற்றியதற்கப்புறம்

மாற்றியது கொஞ்சம்தான். நெட்வொர்க் பெயராக ஓடையின் பெயரையும் 'மழை' என்பதையும் ஆங்கில எழுத்தில் வைத்தேன். கம்பெனி கொடுத்த மாடல் எண்ணே பெயராகப் பரவினால் வனத்துறை வாட்சர்கள் யாருடைய கேமரா என்று விசாரிக்கிறார்கள், பக்கத்து ஹோம்ஸ்டேயில் தங்குகிறவர்கள் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். பாஸ்வேர்டு கட்டாயம் போட வேண்டும், பல லாகர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது பூட்டே இல்லாமல்தான் பரப்புகின்றன, வழியில் போகிறவர் உள்ளே வந்து அமைப்பை மாற்றிவிட முடியும். ரேடியோ காலையில் ஒரு மணி நேரம் மட்டும் விழிக்கும், எட்டு மணியிலிருந்து. இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடிந்து தொடங்குகிறது என்பதால் அதை நடுவில் வைத்தேன். மற்ற நேரத்தில் ஆள் வந்தால் பெட்டிக்கு வெளியே ஒரு பட்டன். பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் எந்தக் காரணத்துக்காகவும் ரேடியோ எழக்கூடாது என்று நிரலில் ஒரு வரி.

இதில் இழப்பு இல்லாமல் இல்லை. இணையத்தில் சேர்ந்த லாகர் கடிகாரத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும், தனியாக இருக்கிற லாகருடையது வருடத்தில் சில நிமிடம் ஓடியோ பின்தங்கியோ போகும். போனிலிருந்து திருத்தலாம், ஆனால் எப்போது எவ்வளவு திருத்தினோம் என்று நோட்டில் எழுதாவிட்டால், பின்னால் அந்தத் தரவைப் படிக்கிறவர் இரண்டு மழைக்கு நடுவே காணாமல்போன நிமிடங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

சார் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வாதத்தில் பாதி எனக்கும் சரியாகவே படுகிறது, அதனால்தான் இது எனக்குள் தீராமல் கிடக்கிறது. சேருகிற முறையிலேயே மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ரேடியோவை எழுப்பியிருந்தால் பேட்டரி செத்திருக்காதே என்கிறார். உண்மை, செலவு ஆறில் ஒரு பங்காகியிருக்கும். ஆனால் வெள்ளைப் பெட்டி அப்போதும் புதுப் பெயரில்தான் இருந்திருக்கும். அப்புறம் அவர் 2009 நவம்பரை எடுத்தார், நீலகிரியில் குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்த மழை. மலையில் எவ்வளவு பெய்கிறது என்பது கீழே உடனே தெரிந்தால் உயிர் பிழைக்குமா பிழைக்காதா என்று கேட்டார். பிழைக்கும், மறுக்க மாட்டேன். எச்சரிக்கைக்காக வைக்கிற கருவி உடனுக்குடன் பேசியே ஆக வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட மழையில் முதலில் போவது கரண்ட், கரண்டோடு அடுப்படி ரவுட்டரும் போகும். எச்சரிக்கை வேண்டும் என்றால் அதற்கென்று தனி இணைப்பு, தனி மின்சாரம், கெட்டுப்போனால் அன்றைக்கே ஏறி வருகிற ஆள், மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எங்கள் ஓடைக்கு அதெல்லாம் வேண்டாம். அது பத்து வருடத்தில் நீர் எப்படி மாறுகிறது என்று பார்க்க வைத்தது, தரவு நாளைக்கு வந்தாலும் அடுத்த வாரம் வந்தாலும் ஒன்றுதான்.

அக்காவின் மகள் ஒருநாள் காலையில் தன் போனில் லாகரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ராத்திரி பெய்தது 31 மில்லிமீட்டரா என்று எனக்கு மெசேஜ் போட்டாள். ஏரோப்ளேன் மோடு வித்தையை மூடியில் படித்திருக்கிறாள். இப்போது தோன்றும்போது ஃபைலை இறக்கி வாட்ஸப்பில் அனுப்புகிறாள், அலுவலகத் திரையில் அது கையால் ஏற்றப்படுகிறது, புள்ளிக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு மாதம் ஏதாவது கொடுக்க வேண்டும், மழைமானி பார்க்கிற பகுதிநேர ஆட்களுக்குக் கொடுக்கிற வழக்கம் இந்த நாட்டில் ரொம்ப நாளாக இருப்பதுதான் என்று எழுதிக் கேட்டேன். பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பு இல்லையாம். டேட்டா பிளானுக்குத் தலைப்பு இருக்கிறது, அதில் பணம் செலவாகாமல் கிடக்கிறது. இந்தப் பதிலை நினைத்தால்தான் எனக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் கெடுகிறது.

அடுத்த ஸ்டேஷன் கவுஞ்சிப் பக்கம் வருகிறது. அங்கே வீட்டு வைஃபை வேண்டாம், லாகரோடு சிம் போட்ட மோடம் ஒன்று வைக்கலாம் என்கிறார் சார். வைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மோடத்துக்கு வேறு பேட்டரி, வேறு சோலார் தகடு, லாகரின் பேட்டரியிலிருந்து ஒரு கம்பிகூட அதற்குப் போகக் கூடாது என்று மட்டும் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.